முத்திரை இல்லாத ஒரு வரி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. படுக்கை விரிப்பு ஒவ்வொன்றின் மூலையிலும் அது எந்த வார்டுக்குச் சொந்தம் என்று கறுப்பு மையில் முத்திரை இருக்கும். பிரசவ வார்டு விரிப்பு ஒன்று எலும்பு வார்டு அடுக்கில் தலைகாட்டினால் போதும், அக்கா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள். "வெள்ளையா இருந்தா எல்லாம் உங்களுதா?" என்று தலைமை நர்சையே கேட்டவள்.

இப்பேர்ப்பட்டவள்தான் கல்லூரியில் திருடிப் பிடிபட்டாள்.

கல்லூரிக்கு அவள் ஆசைப்பட்டுப் போகவில்லை. சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் வேலை காலியாகப் போகிறது. பட்டப்படிப்பில் முதல் வருஷமாவது தேறியிருந்தால்தான் அந்த நாற்காலி என்று மேலிடம் சொல்லிவிட்டது. இல்லையென்றால் அது ஸ்டோர் கீப்பருக்குப் போகும். அவர் நின்றபடியே தூங்கக்கூடியவர். அவருக்குக் கீழே வேலை பார்க்க அக்கா தயாராக இல்லை. மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

'உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் வாழ்க்கையை எழுதி வாருங்கள்' என்பது முதல் கட்டுரை. அக்கா நூலகத்துக்குப் போய், இருப்பதிலேயே தடிமனான புத்தகத்தை எடுத்து, பாலம் கட்டிய ஒரு பொறியாளரின் வாழ்க்கையை முத்து முத்தாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அவளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்த்துப் பிசகாமல் எழுதியதற்குத்தான் அவளுக்குப் பரிசெல்லாம் கொடுத்தார்கள்.

விரிவுரையாளர் அவளைவிடச் சின்னவர். மற்றவர்கள் போனபிறகு அவளை மட்டும் நிறுத்தினார்.

"இவரை உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"படிச்சேன் சார்."

"இங்க 'மூன்றாம் படத்தைப் பார்க்க'ன்னு எழுதியிருக்கீங்களே, படம் எங்க?"

"வரையறதுக்கு எடம் பத்தல சார்."

அவர் சிரித்திருந்தால் அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. அடுத்தவர் எழுத்தைத் தன் பேரில் கொடுத்தால் அது திருட்டு என்றார். திருட்டு என்ற சொல் அக்காவைச் சுட்டுவிட்டது. சண்டைக்கு வாயெடுத்தவளுக்குச் சட்டென்று சலவைக்கூடம் நினைவுக்கு வந்தது.

"எலும்பு வார்டு விரிப்புல நம்ம முத்திரைய குத்தின மாதிரியா சார்?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டி வைத்தார். அக்காவுக்கு முகம் கறுத்துப்போயிற்று.

"வெள்ளிக்கிழமைக்குள்ள புதுசா எழுதிக் குடுங்க. இல்லன்னா இந்தப் பேப்பர் போச்சு, இந்த வருஷமும் போச்சு. ஒருத்தர் சொன்னதை எழுதினா, யார் சொன்னாங்கன்னு கீழ போட்டுடுங்க. நீங்களே பார்த்தது, நீங்களே நினைச்சது, அதுக்கு மட்டும் யார் பேரும் வேண்டாம்."

இந்த முறை எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஆளாகப் பார்த்துப் பிடித்தாள். கட்டின புருஷன். டவுன் பஸ் ஓட்டுகிறார். அதற்கு முன் கண்டக்டர். பிறப்பிலிருந்தே ஆரம்பித்தாள். 'என் கணவர் ஒரு மழை நாளில் பிறந்தார்' என்று எழுதி, எண் போட்டு, கீழே 'அவர் அம்மா சொன்னது' என்று குறித்தாள். 'குழந்தையில் மிகவும் அழகாக இருந்தார்' என்று எழுதி, 'இதுவும் அவர் அம்மா சொன்னதுதான். வேறு யாரும் சொல்லவில்லை' என்று குறித்தாள்.

அந்த வாரம் வீட்டில் வாய் திறந்தவன் பாடு திண்டாட்டம். உப்பு கம்மி என்றால், "அது உங்க கருத்தா, உங்க அக்கா போன்ல சொன்னதா?" என்பாள். மழை வரும் என்றால் யார் சொன்னது என்பாள். மனுஷன் பேச்சைக் குறைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்ப் பயணிகளிடம் பேசிவிட்டு வந்தார்.

கட்டுரைக்கு உயிர்நாடி அந்தச் சரிவுக் கதை. அதைக் கேட்காத சொந்தக்காரர் கிடையாது. அவர் கண்டக்டராக இருந்தபோது, இறக்கத்தில் பஸ்ஸுக்கு பிரேக் போய்விட்டது. டிரைவர் மயங்கிச் சாய்ந்துவிட்டார். இவர் பாய்ந்துபோய் ஸ்டியரிங்கைப் பிடித்து, மணல் குவியலில் பஸ்ஸை ஏற்றி நிறுத்தினார். ஒருவருக்கும் கீறல் இல்லை. கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்று இதைச் சொல்லித்தான் அவளுடைய மாமாவை மடக்கினார்.

இவ்வளவு பெரிய விஷயத்துக்குக் 'கணவர் சொன்னது' என்று மட்டும் போட அக்காவுக்கு மனசு வரவில்லை. அந்த டிரைவர் ஓய்வு பெற்று, நகரத்தின் அந்தக் கோடியில் மகனோடு இருக்கிறார் என்று டிப்போவில் விசாரித்துக்கொண்டு, புருஷனிடம் மூச்சுவிடாமல் கிளம்பிப் போனாள்.

கிழவர் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். மயங்கிச் சாய்ந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் மயங்கினேனா? என் வாழ்நாள்ல மயங்கினதில்லம்மா. என் கல்யாணத்தன்னிக்குக்கூட மயங்கல. மணல்ல ஏத்தி நிறுத்தினது நான்."

"அப்ப எங்க வீட்டுக்காரரு?"

"உன் வீட்டுக்காரன் பின்கதவு வழியா குதிச்சிட்டான். குதிச்சவன் சும்மா நிக்கக் கூடாதா? விசில் ஊதிக்கிட்டே பஸ் பின்னால ஓடி வர்றான். பிரேக் இல்லாத பஸ்ஸ நிறுத்தச் சொல்லி எனக்கு விசில் குடுக்கறான்."

திரும்பி வரும் வழியெல்லாம் அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்தவர் செய்ததைத் தன் பேரில் கொடுத்தவர் வீட்டிலேயே இருந்திருக்கிறார். வேறு ஆளைத் தேட நேரமில்லை. பழைய கதையையே எழுதி 'கணவர் சொன்னது' என்று போட்டுவிட்டால் சட்டப்படி குற்றமில்லை. விரிவுரையாளர் கண்டுபிடிக்கவும் மாட்டார். ஆனால் தப்பான விரிப்பு என்று தெரிந்தே அடுக்கில் வைக்க அவள் கை ஒப்பாது. உண்மையை எழுதினாலோ புருஷன் மானம் போகும். அந்தக் கல்யாணப் பேச்சு நாளை நினைத்துப் பார்த்தாள். அவர் கதை சொன்ன விதம் நினைவுக்கு வரவே இல்லை. வேறு ஒன்றுதான் கண்ணில் நின்றது.

வீட்டில் புருஷன் தன் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"டிரைவர் அண்ணனப் பார்த்துட்டு வர்றேன்."

ஊசி நின்றது. "நல்லா இருக்காரா?"

"மயக்கமே வந்ததில்லையாம்."

அவர் பொத்தானைப் பார்த்தபடியே சொன்னார்: "உங்க மாமா என்ன வேலைன்னு கேட்டாரு. கண்டக்டர்னேன். மூஞ்சிய சுளிச்சாரு. வாய் தானா பேசிடுச்சு. அப்புறம் எறங்க ஸ்டாப்பிங்கே வரல." ஊசியை மறுபடி குத்தியபடி, "எழுதப் போறியா?" என்றார்.

"நீங்க வேண்டாம்னா எழுதல. ஸ்டோர் கீப்பருக்குக் கீழ இருந்துட்டுப் போறேன்."

பேச்சுக்குச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள். அது அவருக்குத் தெரிந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்:

"குதிச்சத எழுதிக்கோ. விசிலையும் எழுதிக்கோ. ஆனா நல்லா ஊதினேன்னு எழுது."

"அதுக்கு யாரு சாட்சி?"

"அண்ணனையே கேளு. காது கிழிஞ்சிருக்கும்."

அக்கா சிரித்தாள். அவரும் சிரித்தார், பல வருஷத்துச் சுமையை இறக்கியவர்போல.

வெள்ளிக்கிழமை கொடுத்தாள். கட்டுரை திரும்பி வந்தபோது தேறியிருந்தாள். 'குறிப்புகள் கொஞ்சம் அதிகம்' என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார் விரிவுரையாளர். வீட்டுக்காரர் அதை வாங்கி, விரலை வரிமேல் ஓட்டியபடி படித்தார். குதித்தது: டிரைவர் சொன்னது. விசில்: டிரைவர் சொன்னது, கணவர் ஒப்புக்கொண்டது. அழகு: அவர் அம்மா. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பேர் இருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

'கல்யாணப் பேச்சன்று அவர் சொன்ன கதை என் மாமாவுக்குப் பிடித்தது. எனக்கோ, என்னைப் பார்த்ததும் அவர் கையில் டம்ளர் நடுங்கித் தண்ணீர் சட்டையில் சிந்தியதே, அது பிடித்தது.'

அவர் அந்த வரியைத் திரும்ப ஒருமுறை படித்தார். தாளின் அடியில் தேடினார்.

"இதுக்கு மட்டும் கீழ யார் பேரும் போடலியே?"

"அது என்னுது" என்றாள் அக்கா.