காலியாகக் கிடந்த பிளகின் கோப்புறை

சேலை டிசைன் வரைவதற்கான செயலி ஒன்றைத் தயாரிக்கும் சென்னை நிறுவனத்துக்கு, ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இருந்தபடி வேலை பார்த்தேன். நிரல் எழுதுவதும் நான், அதை வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவதும் நான், போன் வந்தால் பதில் சொல்வதும் நான்.

செயலி திரையில் ஒற்றை ஐகான் படமாகத்தான் தெரியும். திறந்து பார்த்தால் அது ஒரு பெட்டி. உள்ளே ஏகப்பட்ட கோப்புகள். வரைந்த டிசைனைத் தறியில் பூவேலையை நெய்ய வைக்கும் ஜக்கார்டு கருவிக்கு ஏற்ற கோப்பாக மாற்றித் தருவது பிளகின் என்னும் தனித் துணை நிரல். அதையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்ப வேண்டும். எல்லாக் கோப்புகளையும் திரட்டிச் செயலியாகக் கட்டும் அந்த வேலையைச் செய்வது நான் எழுதிய பில்ட் ஸ்கிரிப்ட்.

தேவிகாபுரத்திலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். தறிக்காரர்களுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பவர்.

"புதுசா ஒண்ணு அனுப்பினீங்களே, அதுல ஜக்கார்டுக்கு மாத்துற பட்டனையே காணோம்மா."

என் கணினியில் பட்டன் இருந்தது. அதற்குமேல் நான் எதையும் பார்க்கவில்லை. "உங்க கம்ப்யூட்டர்லதான் கோளாறுங்க்கா. அழிச்சிட்டு மறுபடியும் போடுங்க" என்றேன். மூன்று முறை போன் செய்தார்; மூன்று முறையும் அதையே சொன்னேன். நான்காவது முறை அவர் அழைத்தபோது சென்னையில் இருந்த மேலாளரைக் கேட்டேன். "பழைய மெஷினா இருக்கும். ஃபார்மேட் பண்ணச் சொல்லிட்டு க்ளோஸ் பண்ணும்மா" என்றார். அதை அப்படியே அக்காவிடம் ஒப்பித்தேன்.

இரண்டு நாள் கழித்து, லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார்.

"நீங்க சொன்னாமாதிரியே எல்லாத்தையும் அழிச்சிட்டேன். இப்பவும் காணோம். நீங்களே பாருங்க."

அவர் லேப்டாப்பில் செயலியின் பெட்டியைத் திறந்தேன். பிளகின் கோப்புறை காலி.

என் கணினியில் சோதனைக்காக எப்போதோ பிளகினின் ஒரு பிரதியை வேறிடத்தில் போட்டு வைத்திருந்தேன். செயலி அதை எடுத்துக்கொண்டு ஒழுங்காக ஓடியிருக்கிறது. ஸ்கிரிப்ட்டைப் பார்த்தேன். பிளகின் இருந்த இடத்தின் பெயரை நான் மாற்றியிருந்தேன்; ஸ்கிரிப்ட் பழைய பெயரிலேயே தேடியிருக்கிறது. கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் 'பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் மேலே போ' என்று ஒரு வரி. எழுதியவள் நான்தான். அடிக்கடி நின்று தொல்லை கொடுக்கிறதே என்று போட்டது.

வராந்தாவுக்குப் போய் மேலாளரை அழைத்தேன்.

"அவங்ககிட்ட எதுக்கு சொல்லணும்? சரி பண்ணி அனுப்பு. 'சில மேம்பாடுகள்'னு போட்டுடு."

"ஃபார்மேட் பண்ணிட்டாங்க சார்."

"நாமளா பண்ணோம்?"

போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அந்தக் குரல் அவ்வளவு அருவருப்பாக இருந்தது. ஆனால் நான்கு முறையும் அக்காவிடம் பேசிய என் குரலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

உள்ளே வந்து சொல்லிவிட்டேன். "உங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்லைங்க்கா. தப்பு என்னுது."

அவர் துணிப்பையை மடியில் வைத்து மடித்தார்.

"முடிஞ்ச டிசைனைத்தான் பென்டிரைவ்ல வெச்சிருந்தேன். ஆறு முந்தானை பாதியில இருந்துச்சு, எல்லாம் போச்சு. நமக்கெல்லாம் கம்ப்யூட்டர் வராதுன்னு என்னையே திட்டிகினு இருந்தேம்மா."

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் எதிரிலேயே அந்த வரியை நீக்கினேன். பிளகின் உள்ளே போகாவிட்டால் செயலியே உருவாகாதபடி ஸ்கிரிப்ட்டை மாற்றினேன். புதியதை அவர் லேப்டாப்பில் போட்டதும் பட்டன் வந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"முந்தானையெல்லாம் திரும்ப வரைய நானும் கூட உக்கார்றேங்க்கா."

"வேணாம்மா. இனிமே அனுப்பறதுக்கு முன்னாடி வேற ஒரு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று மாலையே எல்லா வாடிக்கையாளர்களுக்கும் நடந்ததை எழுதினேன். கணினியை அழிக்க வேண்டாம், தவறு எங்களுடையது என்று. இன்னும் இருவர் ஏற்கெனவே அழித்துவிட்டதாகப் பதில் எழுதினார்கள். அவர்களிடம் அப்படிச் சொன்னதும் நான்தான். எனக்கு அது நினைவில்கூட இல்லை.

மேலாளர் காட்டுக்கத்தல் கத்தினார். யாரைக் கேட்டு எழுதினாய் என்றார். வேலையை விடுவதாக மட்டும் எழுதி அனுப்பினேன். அக்கா வேறு செயலிக்கு மாறிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.