ஹமதா அம்மா விரட்டிய காகம்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். சின்ன 'ர' வர வேண்டிய இடத்தில் பெரிய 'ற' உட்கார்ந்திருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் தமிழ் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதன்பின் அப்பாவின் வேலையோடு நாங்களும் தூத்துக்குடியிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்துவிட்டோம். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவன், அதனால் எழுதுகிறேன்.

கணவாய் காய்கிற வாசனைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. 1996 ஆகஸ்டில், ஜப்பானில் நோட்டோ என்கிற தீபகற்பத்தின் ஓரத்தில், கடலுக்கும் மலைக்கும் நடுவே இருந்த ஒரு சிற்றூரில் நாங்கள் காரைவிட்டு இறங்கியபோது, கொடியில் துணி காயப்போட்டதுபோல வரிசையாகக் கணவாய் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா மூச்சை இழுத்துவிட்டு, "நம்மூர் 'கருவாட்டுப் பேட்டை' மாதிரில்லா இருக்கு" என்றாள். நியூ ஜெர்சியில் எங்கள் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில் பக்கத்து வீட்டுக்குப் பயந்து கருவாடு வறுப்பதையே விட்டிருந்தவள் அவள்.

அது ஹமதா அங்கிளின் ஊர். அப்பாவும் அவரும் ஒரே மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். லீவில் நானும் ஊரில்தான் இருப்பேன், இந்தியாவுக்குப் போகிற வழிதானே, இரண்டு நாள் தங்கிவிட்டுப் போங்கள் என்று அழைத்திருந்தார். எங்களுக்கு அந்தப் பயணம் பெரிய விஷயம். முந்தின வருடம் எங்கள் தாத்தா இறந்தபோது கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நின்றதால் அப்பாவால் போக முடியவில்லை. சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். கார்டு வந்ததும் அப்பா டிக்கெட் எடுத்தார். ஆடி அமாவாசையன்று ராமேஸ்வரம் கடலில் குளித்துத் தன் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட வேண்டும், அவருக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

முதல் நாள் ஊர் சுற்றினோம். படிப்படியாக இறங்கி அலை நனைக்கிற தூரம்வரை வந்துவிடுகிற நெல்வயல்களைப் பார்த்தோம். கடற்கரையில் ஒரு ஆள் தொட்டியிலிருந்து கடல்நீரை வாளியில் மொண்டு, கோலத்துக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல மணலில் வீசி வீசி உப்பு எடுத்துக்கொண்டிருந்தார். தாத்தா உப்பளத்தில் உப்பு வாரியவர். அப்பா அங்கேயே வெகுநேரம் நின்று, "எங்கய்யா பார்த்திருந்தா சிரிச்சிருப்பாரு. வாய்க்கால் வெட்டி விடாம வாளியில சுமக்கானுவளேன்னு" என்றார். ராத்திரி ஹமதா அங்கிளின் அம்மா, எழுபது வயது இருக்கும், இடியாப்பம்போல மெல்லிசாக அரிந்த பச்சைக் கணவாயும், தணலில் சுட்ட சங்குச் சதையும் வைத்தார். பச்சையாகவா என்று முகம் சுளித்த அம்மா, கணவாயைப் புளிக்கவைத்து எடுத்த கறுப்புச் சாற்றில் ஒரு வாய் தொட்டுப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்காதபோது இரண்டாவது முறை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மீனே இல்லை. பூசணியும் கத்திரிக்காயும்தான். இறந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிற நாட்கள், அதனால் மீன் சமைப்பதில்லை என்று ஹமதா அங்கிள் விளக்கினார். அம்மா கரண்டியை வைத்துவிட்டு இன்று என்ன தேதி என்று அவரிடம் கேட்டாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இன்னைக்குல்லா அமாவாசை!"

அமெரிக்காவிலிருந்து விமானம் மேற்கே ஜப்பான் பக்கமாகப் பறந்தால் ஒரு நாள் காணாமல் போகும் என்பதை அப்பா மறந்திருந்தார். டிக்கெட்டில் எல்லாம் சரியாகவே அடித்திருந்தது; அவர்தான் புறப்படும் தேதியை மட்டும் பார்த்து மனக்கணக்குப் போட்டுவிட்டார். "மில்லிகிராம்ல மருந்து நிறுக்கிற மனுசன், ஒரு முழு நாளையே தொலைச்சிட்டீங்களே" என்று அம்மா சொன்னாள். அப்பா ஹமதா அங்கிளிடம் எள் கிடைக்குமா என்று விசாரித்தார்.

அந்த வீட்டிலேயே கறுப்பு எள் இருந்தது. அப்பா துறைமுகத்தை ஒட்டிக் கடலில் முங்கி எழுந்து, எள்ளும் தண்ணீரும் இறைத்தார். அம்மா அங்கிருந்த காய்களை வைத்தே சமைத்து, வாழையிலைக்குப் பதில் ஒரு சேம்பிலையில் சோறும் கறியும் போட்டு மதில்மேல் வைத்தாள். அப்பா "கா... கா..." என்று கூப்பிட்டார். நம்மூர்க் காகத்தைவிடப் பெரியதாக ஒன்று வந்து இறங்கி, கழுத்தைச் சாய்த்துச் சோற்றைப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து ஹமதா அம்மா துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தார். காகம் பறந்துவிட்டது. கல்லறையில் படைப்பதையெல்லாம் காகங்கள் இழுத்துப்போட்டு நாசம் செய்யுமாம். விருந்தாளியின் படையலைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு எங்களைப் பார்த்துச் சிரித்தார். மகன் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னதும் துடைப்பம் கையிலிருந்து நழுவியது. காகம் இல்லாத மதிலைப் பார்த்துக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

மத்தியானம் தாண்டியும் காகம் வரவில்லை. மேலே ஒரு பருந்து மட்டும் சுற்றியது. காகம் எடுக்காமல் அப்பா சாப்பிட மாட்டார். நானும் பசியை வெளியே சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"சாவுக்கு நான் போகல. இப்ப அவரும் வரல" என்றார் அப்பா, என்னிடம் இல்லை, மதிலிடம்.

ஹமதா அம்மா உள்ளேயிருந்து வந்து சேம்பிலையை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார். வீட்டுக்குள் அவருடைய கணவரின் படத்துக்கு முன்னால் வைத்திருந்த சோற்றுக்குப் பக்கத்தில் அதையும் வைத்தார். பிறகு மகனிடம் ஏதோ சொன்னார். "தூரத்திலிருந்து வந்தவரை வெளியே தனியாகச் சாப்பிடச் சொன்னால் எப்படி வருவார்? என் வீட்டுக்காரரோடு உட்காரட்டும் என்கிறார் அம்மா" என்று ஹமதா அங்கிள் ஆங்கிலத்தில் சொன்னார். அப்பா வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அந்தப் படத்துக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சாப்பாடு போடச் சொன்னார்.

ஹமதா அம்மா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. போன வருடம் புத்தாண்டன்று வந்த நிலநடுக்கத்தில் அந்த வீடு விழுந்துவிட்டது. கடலடித் தரையே மேலே எழும்பி, அப்பா முங்கிய இடம் இப்போது வெறும் பாறையாகக் காய்ந்து கிடக்கிறதாம். ஹமதா அங்கிள் ஊர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். தன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சோறு வைக்க இனி அங்கே வீடு இல்லை என்றார்.

இந்த ஆடி அமாவாசைக்கு அப்பா அவரை வரச்சொல்லிப் போன் பண்ணினார். தாத்தாவுக்கு ஒன்றும் ஹமதா அங்கிளின் அம்மா அப்பாவுக்கு ஒன்றுமாக அம்மா படையலுக்கு இரண்டு இலையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அப்பா அடுக்களைக்குள் வந்தார்.

"ஒண்ணு போதும். பெரிய இலையா எடு. மூணு பேரு உட்காரணும்."

பிளெய்ன்ஸ்பரோ
27 ஜூலை 2025