மடைப்பலகைக்குள் பூத்த கை

கூனிமேட்டு பைபர் பட்டறை கமால் பாய் இறந்த செய்தி வந்தபோது நான் உப்பள வரப்பில் உட்கார்ந்திருந்தேன். சைக்கிளில் வந்த மீன்காரர் இறங்காமலே, “பாய் மௌத்தாயிட்டாரு, அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கமாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். வெயிலில் உப்புக் குவியல்கள் மிதப்பதுபோல் தெரிந்தன. எது தரை, எது தண்ணீர் என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

அவரை அறிந்த ஊர்க்காரர்களான உங்களுக்கு அவர் செய்த மடைப்பலகையும் தெரியும். பாத்திக்கு உப்புத்தண்ணீரை விடவும் நிறுத்தவும் முன்பு மரப்பலகை வைத்தோம், உளுத்துப்போனது. இரும்பு துருப்பிடித்தது. வெறும் பைபர், மண்வெட்டி பட்டதும் விரிசல் விட்டது. துபாயில் படகுப் பட்டறையில் இருந்துவந்த பாய், நடுவில் அலுமினியத் தகடு, இருபுறமும் கண்ணாடி நார்த்துணி என்று ஒட்டிப் பார்த்தார். ஒரு பலகை ஒரு பருவம் தாங்கினால் எல்லா மடைக்கும் அதையே போடுவதாக உப்பள முதலாளி சொன்னார். உப்பில் நின்று நின்று கால் வெடித்து, இனி பாத்தியில் இறங்க முடியாது என்று நான் கிடந்த காலம் அது. பலகை நின்றால் பட்டறையிலேயே எனக்கு வேலை என்றார் பாய்.

தகட்டை உப்புத்தாளால் தேய்ப்பது என் பொறுப்பு. “வழவழன்னு இருந்தா எதுவும் ஒட்டாதுப்பா, நல்லா கீறல் போடு” என்பார். தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு போய், பனிக்காலத்து விடியலில் தண்ணீர் இருக்கும் நிறம் வரும். பிறகு தின்னர் துணியால் துடைத்துவிட்டால் கை படக்கூடாது, கைப்பிசுக்கு பட்ட இடத்தில் பசை பிடிக்காது.

முதல் தகட்டைத் துடைத்து வைத்திருந்தேன். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். பருவத்தின் முதல் உப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது உப்பளத்துக்காரர் வழக்கம். கை தானாகப் போனது. உள்ளங்கையை அழுத்தி வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பாய் வந்து நார்த்துணியை விரித்து, ரெசின் பசை பூசி, உருளை ஓட்டினார். துணி கரைந்ததுபோல் மறைந்து, தண்ணீருக்கடியில் கிடப்பதைப்போலத் தகடு தெரிந்தது.

மடையில் வைத்த சில வாரங்களில் பலகைக்குள் வெள்ளையாக ஒரு கை பூத்தது. அந்தக் கை அளவுக்கு நார் தகட்டை விட்டுவிட்டது, தட்டினால் பொத்தென்றது. மோதிரவிரல் பாதிதான் இருந்தது, எனக்கு இருப்பதுபோலவே. முதலாளி குனிவதற்குள் பாய் தன் கையை அதன்மேல் வைத்து மூடினார்.

“என் கைதான் முதலாளி. அவசரத்துல வெச்சிட்டேன். வேற செஞ்சு தர்றேன்.”

“துபாய்ல இதத்தான் கத்துக்கினு வந்தீங்களா பாய்?”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அதன்பிறகு வெகுகாலம் ‘கைரேகை பாய்’ என்றே கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களில் நீங்களும் இருப்பீர்கள். அவரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

அன்று பட்டறைக்குத் திரும்பும் வழியில் ஒன்றுதான் சொன்னார்: “கும்பிடணும்னா கும்பிடு முனுசாமி. தேய்க்கிறதுக்கு முந்தியே கும்பிட்டுக்கோ.” அடுத்த தகட்டை என் முன்னால் வைத்துவிட்டு, நான் தொட்டு ஒற்றிக்கொள்ளும்வரை கடல் பக்கம் பார்த்து நின்றார். அந்தப் பலகை நின்றது. நானும் பட்டறையில் நின்றேன்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பாயின் மகள் எழுதுகிறாள். இந்த இடத்தில் அவள் பேனா நின்றுவிட்டது.

“அத்தா எங்ககிட்டயும் அவங்க கைன்னுதான் சொன்னாங்க மாமா.”

வீட்டிலும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். எனக்காகக் கடலைப் பார்த்து நின்ற அந்த முதுகுதான் என்னிடம் மிச்சம். அதை நானே வைத்துக்கொள்கிறேன். மற்றது ஊருக்குத் தெரியட்டும்.

“என் கைம்மா அது. அப்படியே எழுது” என்றேன்.