அக்கா கேட்ட உயரம்

சிங்க் என்று நாங்கள் சொன்னோமே தவிர, அது ஓசூர் பாத்திரக் கடையில் வாங்கிய அகலமான எவர்சில்வர் பேசின்தான். அதன் அடியில் துளை போட்டு, ரப்பர் வளையம் வைத்து, வடிகால் குழாயை முறுக்கி, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. நான் வேலை செய்யும் கம்பெனியின் டூல் ரூமில் எத்தனையோ அச்சுகளை நுணுக்கமாகச் செய்திருக்கிறேன். அன்று வந்த பெருமை அவற்றில் எதற்கும் வந்ததில்லை. திரும்பிப் பார்த்தால் வேன் கதவருகே அக்கா நின்றிருந்தாள். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அடியில போற குழா இவ்ளோ சின்னதா இருக்குதே, பெருசு கெடைக்காதாடா?" என்றாள்.

ஆட்களை ஏற்றி இறக்கி ஓய்ந்த பழைய கம்பெனி வேன் ஒன்றை வாங்கி, உள்ளே ஒரு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு சிங்க் வைத்துக்கொண்டு விடுமுறைதோறும் ஊர் சுற்ற வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. ஓசூரில் நான் குடியிருக்கும் தெருவில் பைக் நிறுத்தவே இடம் கிடையாது. அதனால் வேனை உத்தனப்பள்ளியில் அக்கா வீட்டுக் களத்தில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வேலை செய்தேன். கடையில் விற்கும் வேன் சிங்க் எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. கம்பெனிகளுக்கு இயந்திரம் வந்திறங்கும் பைன் மரப்பெட்டிகள் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும். அந்தப் பலகையில் மேடை. அதன் கீழே இருபது லிட்டர் கேன் ஒன்று நல்ல தண்ணீருக்கு, இன்னொன்று கழிவுக்கு. குடிநீர் கேன்மேல் பொருத்தி பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வருமே, அந்தச் சின்ன பம்புதான் குழாய்.

அக்காவுக்கு இதிலெல்லாம் இவ்வளவு அக்கறை எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஒரு காலத்தில் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் பந்திக்கு முன்னால் போய் நிற்பவள் அவள். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு பக்கத்திலிருக்கும் ராயக்கோட்டையைத் தாண்டி எங்குமே போகவில்லை. கேட்டால் மாட்டைச் சொல்வாள், தக்காளிப் பறிப்பைச் சொல்வாள். அவளுடைய ஒரே மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். ஒருமுறைகூட அங்கே போய்ப் பார்க்கவில்லை. "எங்கம்மாவுக்கு என்னவிட மாடுதான் பெருசு மாமா" என்று அந்தப் பெண் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அப்படிப்பட்ட அக்கா, ஊர் சுற்றுவதற்காக நான் கட்டும் வேனுக்குள் ஞாயிறுதோறும் ஏறி வந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்டாள். கேனில் தண்ணீர் எவ்வளவு நேரம் வரும்? கழிவுக் கேனின் மூடி இறுக்கமா, நாற்றம் வெளியே வராதா? பொத்தானைக் கையால் அழுத்தாமல் தண்ணீர் வராதா? "ரெண்டு கையும் சும்மா இருக்கணும்டா" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பிரஸ் மெஷினில் மிதிக்கிற பழைய கால் சுவிட்ச் ஒன்றைத் தேடிப் பிடித்து பம்போடு இணைத்தேன். மிதித்தால் தண்ணீர் வந்தது. அவள் சிறுமிபோல நாலைந்து தடவை மிதித்துப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு மேடையின் உயரத்தைப் பிடித்துக்கொண்டாள். சமையல் மேடை அளவுக்கு நான் அடித்திருந்த பலகையைப் பார்த்துவிட்டு, தன் இடுப்புக்குக் கீழே கையை வைத்து, "இங்க வரணும்" என்றாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அக்கா, இது டம்ளர் கழுவுற சிங்க். இவ்ளோ தாழ வெச்சா குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிரும்" என்றேன். அவள் வேன் கதவை உள்ளிருந்து சாத்திவிட்டு, புடவைக்கு மேலாகவே இடது வயிற்றில் கை வைத்துக் காட்டினாள்.

"எனக்கு இப்ப வெளிக்குப் போறது இங்கதான்டா. குடல வெளிய எடுத்து ஒரு பை ஒட்டியிருக்காங்க. ரொம்புச்சின்னா கொட்டணும், கழுவணும். பஸ்ஸுல எங்க போயி கழுவுவேன்? நடுவழியில கசிஞ்சுதுன்னா என்ன பண்ணுவேன்? உங்க மாமாவுக்கு மட்டுந்தான் தெரியும். புள்ளைக்குக்கூடத் தெரியாது."

விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் மகளிடமிருந்தும் அவள் இதை மறைத்திருக்கிறாள் என்றால், ஒவ்வொரு நாளும் எத்தனை பாடுபட்டிருப்பாள்! என்னால் கேட்க முடிந்தது ஒன்றுதான்: "எவ்ளோ தாழ வேணும், இன்னொரு தரம் நில்லு." அவள் நின்றாள். நான் பென்சிலால் கோடு போட்டேன். குழாயைப் பெரிதாக்கினேன். வளைத்துப் பிடிக்க நீளமான ரப்பர் குழாய், உள்பக்கம் தாழ்ப்பாள், ஜன்னல்களுக்குக் கனத்த திரை என்று அந்த மாதம் முழுவதும் அவள் சொன்னபடியே செய்தேன்.

மகளுக்குப் பட்டமளிப்பு விழா வந்தது. விடியற்காலை கிளம்பினோம். மாமா என் பக்கத்தில், அக்கா பின்னால். சேலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் "நிறுத்துடா" என்று அக்காவின் குரல் கேட்டது. அது வழக்கமான குரலாக இல்லை. சாலையோரப் புளியமரத்தடியில் ஒதுக்கிவிட்டு நானும் மாமாவும் இறங்கினோம். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பம்பு ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. மாமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போகிற லாரிகளைப் பார்த்தபடி நின்றார். எனக்கோ தண்ணீர் போதுமா என்ற ஒரே கவலை. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. வேறு புடவையில் நின்றிருந்தாள். "தண்ணி தீந்துபோச்சு. ஆனா நல்லா கழுவிட்டேன், போலாம்" என்றாள். முகம் தெளிந்திருந்தது.

அரங்கில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து மகள் மேடையேறுவதைப் பார்த்தாள். விழா முடிந்து, கறுப்பு அங்கியோடு அந்தப் பெண் வேனுக்கு வந்தாள். புளிசாதம் சாப்பிட்டுவிட்டு, கை கழுவ நேராக சிங்க் பக்கம் போனாள்.

"அதுல வேணாம்மா, வெளிய பாட்டில் தண்ணியில கழுவிக்க" என்றாள் அக்கா.

"கை கழுவக் கூடாதுன்னா அப்பறம் எதுக்கும்மா சிங்க்கு?"

அக்கா என்னைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் எறங்குங்க" என்றாள்.

வெளியே எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. மற்ற குடும்பங்கள் மரத்தடியில் படம் எடுத்துக்கொண்டிருந்தன. அழுகைச் சத்தம் வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், வரவில்லை. இப்போதெல்லாம் அக்கா என்னைக் கேட்காமலேயே வேனுக்கு நாள் குறிக்கிறாள். போன மாதம்கூட எல்லோரும் கடல் பார்த்துவிட்டு வந்தோம். ஆனாலும் அந்த வேனை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் தெரிவது, அன்று கதவு திறந்தபோது பார்த்ததுதான். கண்கள் சிவந்திருந்த அந்தப் பெண், அங்கியின் கைகளை முழங்கைவரை சுருட்டிவிட்டிருந்தாள். இடுப்பில் காலிக் கேன்.

"மாமா, இங்க தண்ணி எங்க புடிக்கிறதுன்னு எனக்குத் தெரியும். நான் போயி புடிச்சுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, அத்தனை கூட்டத்துக்கு நடுவே விடுதியைப் பார்த்து நடந்தாள்.