ஹபீலா ராத்தாவின் வெள்ளை வேர்கள்

எங்கள் ஹபீலா ராத்தா உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவர். கலியாணத்தோடு அந்தப் படிப்பெல்லாம் அலுமாரிக்குள் போய்விட்டது என்றுதான் தங்கச்சி நான் நினைத்திருந்தேன்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், குண்டசாலை வீட்டு மொட்டை மாடியில் மண்ணில்லாமல் சலாதுக் கீரை வளர்த்தார். பெட்டி நிறைய உரம் கரைத்த தண்ணீர், மூடியில் துளைகள், துளைக்கொரு கன்று. முதல் அறுவடையைக் கண்டிக் கடைக்காரர் ஒருவர் அப்படியே வாங்கிக்கொண்டார். பிறகு மார்ச் வெயில் வந்தது. இலையெல்லாம் மஞ்சளித்துத் தொங்கிவிட்டது.

"உரம் காணாது. இன்னும் போடுவோம்," என்றார் அவர் கணவர் ஷிராஸ் மச்சான்.

ராத்தா ஒரு கன்றைத் தூக்கினார். வேர் பழுப்பேறி வழுவழுத்தது.

"தண்ணில உரம் தாராளமா இரிக்கு. வேருக்குத்தான் அத எடுக்க ஏலாம இரிக்கு."

"தானா ஊறிப் போகாதா?"

"போகாது. அந்த உப்புகள் வெளியிலயவிட வேருக்குள்ளதான் கூட. குறைஞ்ச எடத்திலருந்து கூடின எடத்துக்கு இழுக்கணும். கலத்திட மென்சவ்வில அதுக்கெண்டே புரதங்கள் இரிக்கு. சக்தி குடுத்தாத்தான் அதுகள் வேல செய்யும். சக்தி வேணுமெண்டா வேர் சுவாசிக்கணும். இந்தச் சூட்டுத் தண்ணில ஒட்சிசன் எங்க?"

மச்சான் தலையை ஆட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை. "சரி, ஒரு பெட்டி உங்களுக்கு, ஒண்டு எனக்கு," என்றார் ராத்தா.

கண்டிக்கு பஸ் ஏறி, மீன் தொட்டிக்குக் காற்றடிக்கும் சின்ன மோட்டார் ஒன்று வாங்கி வந்தார். தன் பெட்டியில் குழாயை விட்டு, மேலே பழைய சாக்கால் நிழல் போட்டார். மச்சானின் பெட்டிக்கும் நிழல் உண்டு. காற்றுக்குப் பதில் உரம் கூடியது.

மச்சானின் கன்றுகள் கருகின. ராத்தாவின் பெட்டியில், பழைய வேர்களுக்கிடையே நூல் நூலாக வெள்ளை வேர் இறங்கியது. அதற்குப் பின்னால் நடு இலைகள் பச்சை பிடித்தன. மச்சான் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு மற்றப் பெட்டிகளுக்கும் மோட்டார் வாங்கக் கிளம்பினார்.

இப்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் ராத்தாவிடம் கேட்டு வளர்க்கிறார்கள். போன மாதம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கலியாண வீடு. எல்லோரும் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டில் இறைச்சியோடு மொறுமொறு சலாது. என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"இது எங்கட ராத்தா வளத்தது!" என்று சத்தமாகவே சொன்னேன்.

ராத்தா என் கையைக் கிள்ளினார். ஆனால் யாரோ "எப்படி?" என்று கேட்டதும், சோற்றுக் கையோடு வேரிலிருந்து தொடங்கிவிட்டார்.