ஆள் எண் ஏழு

ஆஸ்திரியாவில், எங்கள் திரோல் மலைக் கிராமத்தில் பனிச்சறுக்குப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் சிலர். பந்தயத்துக்கு முன்னால் போகிறவர்கள் சிலர். வென்டெலின் இரண்டாவது ரகம். பாதையில் பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க, போட்டிக்கு முன்பே முழு வேகத்தில் இறங்கும் முன்னோடி. அவன் விழுந்தால் பாதையைச் சரிசெய்வார்கள். விழாவிட்டால் போட்டியைத் தொடங்குவார்கள். அவன் எடுத்துக்கொண்ட நேரத்தை யாரும் எழுதிவைப்பதில்லை.

அவனுக்கு இருபத்திரண்டு வயதானபோது, உடல் இயக்கத்தை ஆராயும் பேராசிரியர் ஒருவர் பெட்டி பெட்டியாகக் கருவிகளோடு வந்திறங்கினார். திருப்பத்தில் இடுப்பு எங்கே இருக்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிக்கொள்ள மாநில அணி வீரர்கள் மறுத்துவிட்டார்கள். வென்டெலினுக்கு மறுக்கும் தகுதி இல்லை. நான்கு நாளில் அறுபது இறக்கம். பேராசிரியரின் ஏட்டில் அவனுக்குப் பெயர் இல்லை, ஏழு என்ற எண்தான். கூலி, ஒரு கம்பளித் தொப்பி.

விஞ்ஞானம் வாயைப் பிளந்தது. திருப்பத்தில் அவனுடைய வெளிப்பக்கக் கால் உடல் எடையைப்போல மூன்று மடங்கைத் தாங்கியது. இடுப்பு பனியை உரசியது. தோள்களோ தராசுத் தட்டுபோல மட்டமாக நின்றன. அந்தக் கணத்தைக் கோடும் கோணமும் போட்டு, முகத்தை மட்டும் மங்கலாக்கி, ஆளுயரப் படமாக மாநில அணியின் பயிற்சிக் கூடத்தில் மாட்டினார்கள். கீழே, ‘உத்தமத் திருப்பம். ஆள் எண் 7.’

மூன்று வருடம் கழித்து அந்த அணியில் ஓர் இடம் காலியானது. இருபத்தைந்து தாண்டினால் சேர்க்கமாட்டார்கள். வென்டெலினுக்கு அது கடைசி வாய்ப்பு. தேர்வில் இரண்டு இறக்கம். முதலாவதில் பத்துப் பேரில் இரண்டாவதாக வந்தான். அணியின் கோச் ஹார்ட்விக்குக்குத் திருப்தியில்லை. காபிக் கோப்பையோடு அவனைப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“பாருடா இவனை. இடுப்பு எங்க இருக்கு? நீ என்னடான்னா பால் கறக்க உக்காந்த மாதிரி வர்ற!”

“கோச்... அது நான்தான்.”

ஹார்ட்விக் சிரித்த சிரிப்பில் காபி சட்டையில் கொட்டியது. “ஆமாண்டா, சர்ச்சுல தொங்குற புனிதர் நான்தான்!”

“சத்தியமா கோச். இடது கையுறையைப் பாருங்க, எங்கம்மா போட்ட ஒட்டு.” தன் கையை நீட்டிக் காட்டினான்.

“ஒட்டுப் போட்ட கையுறை இந்தப் பள்ளத்தாக்குல ஆயிரம் இருக்கு. இது சயின்ஸ்டா. உன்னை வச்சா செய்வாங்க? அடுத்த தடவை இவன் மாதிரி வா, போ.”

இரண்டாவது இறக்கத்தில் வென்டெலின் தன்னைப் போலவே வர முயன்றான். பாதையில் சுற்றி வளைந்து வரவேண்டிய கொடிகளில் ஐந்துவரை தாக்குப்பிடித்தான். ஆறாவதில், படத்திலிருந்த கோணத்தை நினைத்து இடுப்பைத் தாழ்த்தினான். சாய்வு முந்திக்கொண்டது, அதைத் தாங்கவேண்டிய விசை வந்துசேரவில்லை. விழுந்து, ஓர வலைவரை முதுகிலேயே போனான்.

ஹார்ட்விக் நல்ல மனிதர். அவரே வந்து பனியைத் தட்டிவிட்டார். “மனசுல வச்சுக்காதடா. அவன் உடம்பு வேற, உன் உடம்பு வேற. சனிக்கிழமை போட்டிக்கு முன்னோடியா வந்துடு, ஆள் குறையுது.”

வென்டெலின் போனான். பேராசிரியரும் வந்திருந்தார், இம்முறை ஆராய்ச்சி, மனிதர்கள் எப்படி விழுகிறார்கள் என்பதைப் பற்றி. அணியில் யாரும் சம்மதிக்கவில்லையாம். கூலியாக வென்டெலினுக்கு ஒரு ஜோடிக் கையுறை கிடைத்தது. புத்தம் புதுசு, ஒட்டே இல்லை.