ஆண்டியப்பனின் ஒரே பொன்னாடை

ஆண்டியப்பன் பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தார். சரிகைக் கரை வெளியே தெரிய வேண்டும். கற்பூரம் பட்டுப் பொசுங்கிய மூலை உள்ளே போய்விட வேண்டும். முழங்காலில் போட்டு நீவினார், உள்ளங்கையால் அழுத்தினார், திருப்தி வராமல் பிரித்து மறுபடியும் மடித்தார். அவருடைய மகள் கணக்கில் நூற்றுக்குப் பத்தொன்பது புள்ளிதான் எடுத்திருக்கிறாள் என்று சொல்லத்தான் நான் அந்த லயத்து வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் நிமிரக்கூட இல்லை. "செத்த இருங்க டீச்சர். இது சுருங்கிருச்சுன்னா மறுபடி அயன் பண்ணணும்" என்றார்.

கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவர் தொழிற்சங்கத் தலைவர். அவர் மலையில் வேலை செய்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்களாம். நான் இதுவரை சந்திக்கவில்லை. கொழுந்து எடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர் மனைவி ஜீவராணி. தலைவருக்கு வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் பேனா, கையில் எப்போதும் பாட்டுப் பாடும் ஃபோன். அந்தப் பேனாவால் அவர் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. தோட்டத்துக்கு எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் வரவேற்பு அவருடைய பொறுப்பு. யாரும் அவரிடம் ஒப்படைத்ததில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார்.

அந்தப் பொன்னாடைக்கு ஒரு வரலாறு உண்டு. ஹட்டனில் புடவைக் கடை வைத்திருக்கும் மக்பூல் நானா ஒருநாள் சிரித்துச் சிரித்துச் சொன்னார். "தலைவர் எங்கிட்ட ஒரே ஒரு தடவைதான் பொன்னாடை வாங்குனாரு டீச்சர். ஆனா இந்தப் பக்கம் வர்ற எல்லாரு கழுத்துலயும் அதத்தான் பாக்குறேன்." உண்மைதான். விருந்தாளிகள் பொன்னாடையைக் கழுத்தில் வாங்கிய கையோடு கழற்றி உதவியாளரிடம் கொடுப்பார்கள். அவர் அதை ஜீப்பின் பின் இருக்கையில் எறிவார். கூட்டம் நடக்கும்போதே ஆண்டியப்பன் ஜீப் சாரதியிடம் போய், சிங்களத்தில் தம்பி தம்பி என்று குழைந்து, அதைத் திருப்பி வாங்கிவிடுவார். ஒருவரையொருவர் மேடைக்கு மேடை திட்டிக்கொள்ளும் மூன்று கட்சிக்காரர்களின் வியர்வையும் அந்த ஒரே துணியில் இருக்கிறது. பிறகு அது அலுமாரிக்குள் போகும். அலுமாரிச் சாவி ஜீவராணியின் இடுப்பில் இருக்கும்.

இத்தனை பாடும் மகள் சுலக்ஷனாவை ஆசிரியையாக்குவதற்காக. ஆசையில் குற்றமில்லை. லயத்தில் பிறந்த பெண்பிள்ளைக்கு மழையில் நனையாத வேலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். நானும் அப்படி வந்தவள்தான். ஆனால் ஒரு பிள்ளையை ஆசிரியையாக்க ஆண்டியப்பன் வைத்திருக்கும் பாடத்திட்டத்தைக் கேட்டால் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாது.

மகள் ஐந்தாம் தரம் படிக்கும்போதே தொடங்கிவிட்டார். ஆலாத்தித் தட்டை எந்த உயரத்தில் பிடிப்பது, படம் எடுக்கும்போது விருந்தாளிக்கு எந்தப் பக்கம் நிற்பது, எவ்வளவு குனிந்து வணக்கம் சொல்வது. வரவேற்புரை ஒன்றை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார். "மலையகத்தின் விடிவெள்ளியே" என்று தொடங்கும். வருகிறவர் மாறினால் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். போன மாதத்து விடிவெள்ளியும் இந்த மாதத்து விடிவெள்ளியும் எதிரெதிர்க் கட்சி என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. முகபாவத்துக்கும் பயிற்சி உண்டு. என் காதுபடவே மகளிடம் சொன்னார்: "டீச்சராவப் போறவ மூஞ்சில கேள்வியே இருக்கக் கூடாது. சிரிச்ச மாதிரி நில்லு. போதும்."

வந்தவர்களோடு மகள் நிற்கும் படங்களையெல்லாம் ஃபோனில் சேர்த்து வைத்திருக்கிறார். "இவருக்கு நம்ம புள்ளய நல்லாத் தெரியும்" என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டுவார். படத்தில் அந்த மனிதர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

என்னைக் கண்டால் அவருக்கு ஒரே கேள்வி. "நீங்க யாரு மூலமா டீச்சர் வந்தீங்க?" பரீட்சை எழுதி வந்தேன் என்பேன். கண்ணைச் சிமிட்டி, "சரி சரி, சொல்ல வேணாம்" என்பார். பத்து முறையாவது சொல்லியிருப்பேன், பத்து முறையும் சிமிட்டினார். நான் ஏதோ ஒரு பெரிய இடத்தை மறைக்கிறேன் என்பது அவருடைய முடிவு. அதனால் என்மேல் மரியாதையும் கூடியிருக்கிறது.

எனக்கு ஆத்திரம் வருவதற்குக் காரணம், அவர் சொல்வது முழுப்பொய்யும் இல்லை என்பதுதான். எங்கள் ஆசிரியர் அறையிலேயே சிபாரிசில் வந்த ஒருவர் இருக்கிறார். பாடவேளை மணி அடித்தால் அவருக்குக் கேட்காது. "ஐயா சுகமா இருக்கீங்களா" என்று யாரையோ ஃபோனில் நலம் விசாரித்துக்கொண்டிருப்பார். அவரைப் பார்த்துத்தான் ஆண்டியப்பன் பாடம் படித்திருக்கிறார். அந்த ஆளின் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை அவர் பார்க்கவில்லை.

நான் போன அன்று விஷயத்தை உடைத்தே சொன்னேன். சுலக்ஷனா பதினோராம் தரம். சாதாரண தரப் பரீட்சை நெருங்கிவிட்டது. கணக்கில் சித்தியடையாமல் ஆசிரியப் பயிற்சிக்கான கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே முடியாது. நான் சனிக்கிழமைகளில் விசேட வகுப்பு வைக்கிறேன். இவருடைய விடிவெள்ளிகளும் சனிக்கிழமைகளில்தான் உதிக்கிறார்கள். "பிள்ளையை இனிமேல் கூப்பிடாதீர்கள், தலைவரே" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க சொல்றது தகுதி டீச்சர். நான் சொல்றது வழி. தகுதியோட எத்தன பேரு கடையில சாமான் கட்டுறான், தெரியுமா?"

அடுப்படியில் ஜீவராணி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். தட்டும் சத்தம் இப்போது கொஞ்சம் பலமாகக் கேட்டது.

திரும்பி வரும்போது பிள்ளைக் காம்பரா வாசலில் சுலக்ஷனாவைக் கண்டேன். பகலில் கொழுந்தெடுக்கும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. மாலையில் காலியாக இருக்கும். லயத்துச் சிறுபிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கழித்தல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். துஷாந்த் என்ற பொடியன் விடை தெரியாமல் விழித்தான். மற்றவர்கள் கத்தினார்கள். "சும்மா இருங்கடா, அவன் யோசிக்கிறான்ல" என்று அதட்டிவிட்டு அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அவன் கால்விரலையெல்லாம் எண்ணி முடிக்கும்வரை அசையவில்லை. எனக்கு அந்தப் பொறுமை வரப் பல வருடம் ஆனது. அப்பன் மகளைக் கூட்டிக்கொண்டு ஊர் முழுக்க வழி தேடுகிறார். அவருடைய ஃபோனில் இந்தக் காட்சியின் படம் ஒன்றுகூட இருக்காது.

அதற்குப் பிறகு அவள் இரண்டு சனிக்கிழமை தவறாமல் வந்தாள். புள்ளி முப்பதுக்கு ஏறியது. இன்னும் ஐந்து ஏறினால் சித்தி.

மூன்றாவது சனிக்கிழமை, பரீட்சைக்கு முந்திய கடைசி வகுப்பு. அன்றுதான் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் திறக்க ஒரு பெரிய மனிதர் வருவதாக இருந்தது. குழாய்க்குத் தண்ணீர் வரும் வழி இன்னும் போடப்படவில்லை; திறப்பு விழா மட்டும் அவசரம். அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் பாடசாலையில் கரும்பலகை துடைக்க டஸ்டர் கிடையாது. கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பிள்ளைகள் முறை வைத்து வீட்டிலிருந்து பழந்துணி கொண்டுவருவார்கள். அன்று சுலக்ஷனாவின் முறை. நான் கவனிக்கவில்லை, என் கண் அவள் போட்ட கணக்கில் இருந்தது. பலகையில் நின்று இருபடிச் சமன்பாடு ஒன்றை மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் தானே பிழைவிட்டு, தானே கண்டுபிடித்து, துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள்.

வாசலில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. தலைவருக்கு மூச்சு வாங்கியது. "டீச்சர், ஒரு அர மணித்தியாலம் புள்ளய விடுங்க. ரொசல்லயத் தாண்டி ஹட்டன் பக்கமா வந்துட்டிருக்காங்களாம், ஃபோன் வந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதோட பொன்னாடையயும் காணல. அலுமாரியில இல்ல. ஜீவராணிகிட்ட கேட்டா, வாயே தொறக்காம கொழுந்துக்குப் போயிட்டா."

அப்போதுதான் நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். சுலக்ஷனாவின் கையில், வெண்கட்டித் தூள் அப்பிப் போய், சரிகைக் கரையோடு அது இருந்தது.

அவள் அவசரப்படவில்லை. பலகையின் கடைசி மூலையையும் அதாலேயே துடைத்தாள்.

"கணக்கு இன்னும் முடியலப்பா" என்றாள். "நான் வரல. இது வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

ஒரு கையில் துணியை நீட்டிக்கொண்டு, மறு கையில் வெண்கட்டியோடு நின்றாள். ஆண்டியப்பன் மகளின் முகத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அதில் அவள் எழுதியிருந்தது அவருக்கு விளங்கியிருக்காது. அவளை அறைந்துவிடுவாரோ என்று நினைத்து நான் இரண்டடி முன்னால் போனேன். நின்று பார்ப்பார், ஒரு நல்ல வார்த்தையாவது சொல்வார் என்றும் ஒரு கணம் நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் ஃபோனில் மணியைப் பார்த்தார். கையை நீட்டித் துணியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

தாழ்வாரத்தில் நின்று அதை இரண்டு தடவை உதறினார். தூள் பறந்து அவருடைய வெள்ளைச் சட்டையிலேயே படிந்தது. சுலக்ஷனா பலகைப் பக்கம் திரும்பி அடுத்த வரியை எழுதத் தொடங்கினாள். அவர் தூள் படிந்த பக்கம் உள்ளே போகும்படி, சரிகை வெளியே தெரியும்படி, நீவி நீவி மடித்தார். மடித்ததை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியிறங்கினார். ஜீப் இன்னும் ஹட்டனுக்கே வந்திருக்காது. தெரு வெறிச்சோடிக் கிடந்தது. அவருடைய முதுகு அதற்குள்ளேயே வளைந்திருந்தது.